பத்திரிகைப் பேட்டிக்கு ஆயத்தமாகும் மெஜிக் கலைஞர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாள் வீடு, முன்பள்ளி விழா, பாடசாலைப் பரிசளிப்பு, கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சி என்று மெஜிக் செய்துவரும் ஒருவர் முதல் தடவையாகப் பத்திரிகையில் வர முயலும்போது எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். முகநூல் இருக்கும்போது பத்திரிகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒரு பிரதியைக் காலையிலிருந்து மாலை வரை எத்தனையோ பேர் புரட்டுகிறார்கள். நிகழ்ச்சிக்கு ஆளைத் தீர்மானிக்கும் அதிபரும் கோயில் பரிபாலன சபைச் செயலாளரும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

நான் நன்றாக மெஜிக் செய்கிறேன். அதைப் பற்றிப் பத்திரிகை எழுதாதா?

எழுதாது. திறமை செய்தி ஆகாது. ஒரு நாள், ஒரு இடம், ஊரில் யாருக்காவது அதனால் ஒரு பயன், இவை மூன்றும் சேர்ந்தால்தான் செய்தி. "இருபது வருடமாக மெஜிக் செய்கிறார்" என்பதை ஆசிரியர் பீடத்தில் எவரும் அவசரமாக எடுக்கமாட்டார்கள். "வீரசிங்கம் மண்டபத்தில் வரும் சனிக்கிழமை சிறுவர் இல்லப் பிள்ளைகளுக்கு இலவச மெஜிக் காட்சி" என்றால் எடுப்பார்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு, கணித பாடத்தை வித்தையோடு சேர்த்துக் கற்பிப்பது, தீவகத்துப் பாடசாலைகளுக்குப் போய்வருவது போன்றவையும் எடுபடும். இவற்றில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பேட்டியில் திணித்தால் செய்தியாளர் தனக்குப் பிடித்ததை எடுப்பார். அது உங்களுக்குத் தேவையானதாக இருக்கும் என்று நம்ப முடியாது.

யாரிடம் போவது?

முதலில் உங்கள் பகுதிச் செய்தியாளரிடம். வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் பத்திரிகைகளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். பருத்தித்துறையில் நடக்கும் நிகழ்ச்சியைப் பருத்தித்துறைக்காரர் எழுதி அனுப்பினால் அலுவலகத்துக்கும் வேலை மிச்சம். உதயன், வலம்புரி போன்றவை யாழ்ப்பாணத்திலேயே அச்சாகின்றன. கொழும்பிலிருந்து வரும் வீரகேசரி (1930 இல் தொடங்கியது), தினகரன் (1932) ஆகியவற்றுக்கும் இங்கே செய்தியாளர்கள் உண்டு. ஒரே நாளில் எல்லோருக்கும் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொல்லிப் பேட்டி கொடுக்கவேண்டாம். செய்தியாளர்கள் ஒருவரை ஒருவர் தினமும் சந்திப்பவர்கள். விரிவான பேட்டியை ஒரு பத்திரிகைக்குக் கொடுங்கள், நிகழ்ச்சி அறிவித்தலை எல்லோருக்கும் அனுப்புங்கள்.

எத்தனை நாளுக்கு முன் தொடர்புகொள்ள வேண்டும்?

பேட்டிக்கு இரண்டு வாரம், சிறு அறிவித்தலுக்கு நான்கைந்து நாள். வாரவெளியீட்டுப் பக்கங்கள் ஞாயிறுக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடுவதால் அதற்குரியதை முந்தைய வாரமே கொடுத்துவிட வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பக்கங்களில் இடம் கிடைப்பது கஷ்டம். தேர்தல் நேரமும் பரீட்சைப் பெறுபேறு வரும் நாட்களும் அப்படித்தான். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 ஐயும் மாவீரர் நாளான நவம்பர் 27 ஐயும் ஒட்டிய நாட்களில் கேளிக்கை நிகழ்ச்சிக்கு விளம்பரம் தேடவே வேண்டாம். இடம் கிடைத்தாலும் ஊர் அதை ஏற்காது, ஏற்காததில் நியாயமும் இருக்கிறது.

நுழைவுச்சீட்டு விற்பதாக இருந்தால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேளிக்கை வரியைப் பற்றியும், பொலிஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதியைப் பற்றியும் கேட்டு முடித்த பிறகே விலையையும் நேரத்தையும் பத்திரிகைக்குச் சொல்லுங்கள். அச்சில் வந்த பின் மாற்றினால் வாசலில் சண்டை வரும்.

செய்தியாளருக்கு எழுத்தில் ஏதாவது கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். பேட்டியில் வாயால் சொன்னது பாதி தேயும். எழுதிக் கொடுத்தது அப்படியே அச்சுக்குப் போகும். ஒரு பக்கத் தகவல் தாள் போதும்.

மேலே முழுப்பெயர், நீங்கள் பாவிக்கும் எழுத்துக்கூட்டலில். அதன் கீழே மேடைப் பெயர், ஊர், வயது, தொழில். பிறகு நிகழ்ச்சி விபரம் ஒரே வசனத்தில்: "(திகதி), சனிக்கிழமை, பிற்பகல் 4 மணிக்கு, சுன்னாகம் (இடம்) மண்டபத்தில், அனுமதி இலவசம்." திகதியையும் கிழமையையும் நாட்காட்டியில் பார்த்து ஒப்பிடுங்கள். இந்தத் தாள்களில் அதிகம் பிழைப்பது இதுதான். திகதி ஒன்று கிழமை இன்னொன்று என்று அச்சானால் பாதிப்பேர் ஒரு நாளிலும் மீதிப்பேர் அடுத்த நாளிலும் வந்து நிற்பார்கள். அடுத்ததாக, யாரிடம் பழகினீர்கள், எங்கெங்கே செய்திருக்கிறீர்கள், என்ன வகை மெஜிக் என்பவற்றை நான்கு வரியில் எழுதுங்கள். கடைசியில் ஒரேயொரு தொலைபேசி இலக்கம். மூன்று இலக்கம் கொடுத்தால் எந்த இலக்கம் போகும் என்று சொல்லமுடியாது. அச்சாகும் இலக்கத்துக்கு ஒரு வாரத்துக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும், எடுப்பதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

தாளை யுனிகோட்டில் தட்டச்சு செய்து, மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி அனுப்புங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபக்கத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். கடிதத் தலைப்பில் அச்சடித்துக் கமராவில் பிடித்து அனுப்பினால் யாரோ ஒருவர் அதைத் திரும்ப அடிக்கவேண்டும். அந்த இடத்தில்தான் பெயர் பிழைக்கிறது.

என்ன படம் கொடுப்பது?

கறுப்புக் கோட்டோடு கறுப்புத் திரைக்கு முன் நிற்கும் படம் வேண்டாம். பத்திரிகைத் தாளில் மை ஊறிப் பரவும், இருண்ட இடம் இன்னும் இருளும். முகமும் இரண்டு கையும் மாத்திரம் மிதப்பதுபோல வரும். வெளிறிய மதில் நல்ல பின்னணி. காலை 7 மணியிலிருந்து 8.30 வரை அல்லது பின்னேரம் 4.30க்குப் பிறகு எடுங்கள். நடுப்பகல் வெயிலில் தொப்பியின் நிழல் கண்ணை மூடிவிடும்.

கையில் இருக்கும் பொருளும் முகமும் ஒரே படத்தில், இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் போட்ரெய்ட் மோட்டைப் பாவிக்காதீர்கள். அது விரித்துப் பிடித்த சீட்டுகளின் விளிம்பையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். 15 சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சிடக் குறைந்தது 1,200 பிக்சல் அகலம் வேண்டும், 1,800 இருந்தால் இன்னும் நல்லது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள் அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள். நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று இரண்டு கொடுத்தால் பக்கம் வடிவமைப்பவருக்கு எது இடமோ அது போகும்.

பிள்ளைகள் படத்தில் இருந்தால் பெற்றாரிடம் கேட்டு அனுமதி எடுத்திருக்க வேண்டும். பாடசாலையில் எடுத்தது என்றால் அதிபரிடமும் கேட்கவேண்டும். சிறுவர் இல்லப் பிள்ளைகளின் முகத்தைப் போடவே வேண்டாம், பின்னாலிருந்து எடுத்த படம் போதும்.

பேட்டியின்போது மெஜிக் செய்துகாட்டச் சொல்வார்களா? என்ன செய்வது?

சொல்லாமல் விடமாட்டார்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் வித்தை பத்திரிகைக்கு உதவாமல் போகலாம். ஒரு சோதனை இருக்கிறது: நடந்ததைச் செய்தியாளர் ஒரே வசனத்தில் எழுத முடியுமா? "என்னிடம் வாங்கிய நூறு ரூபாய்த் தாளை என் கண்முன்னே எரித்தார், அதே தொடரிலக்கத்தோடு அது ஒரு தேசிக்காய்க்குள் இருந்தது" என்பது எழுதக்கூடிய வசனம். நிறம் மாறும் பட்டுத் துணிகள் நான்கு நிமிடம் எவ்வளவு அழகாக ஓடினாலும் எழுத்தில் "துணிகளை வைத்துச் சில வித்தைகள் செய்தார்" என்றுதான் முடியும். ஆகவே செய்தியாளரின் சொந்தப் பொருள் ஒன்று உள்ளே வரும் வித்தையைத் தெரிந்தெடுங்கள்.

எங்கள் தெரிவு கிழித்த பத்திரிகையை ஒட்டவைப்பது. அதையும் அவர்களின் அன்றைய இதழிலேயே செய்ய வேண்டும். செய்தியாளர் தன் பத்திரிகையின் பெயர் முழுதாகத் திரும்பி வருவதைப் பார்ப்பார், படம் பிடித்தாலும் அந்தப் பெயர் தெரியும். அதற்கு அன்று காலையே ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்து இரண்டு பிரதி வாங்குங்கள். ஏன் என்று இந்த வித்தை தெரிந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. வேறுவேறு இடத்தில் வாங்கினால் முன் அச்சு, பின் அச்சு என்று முதற் பக்கத்தில் ஏதாவது மாறியிருக்கக்கூடும்.

முழுப் பத்திரிகையையும் எடுக்காதீர்கள். இரண்டு பெரிய தாள், அதாவது எட்டுப் பக்கம் போதும். அதற்கு மேல் போனால் மூன்றாவது கிழிப்பிலேயே கை திணறும், முகத்தில் அது தெரியும். பத்திரிகைத் தாளுக்கு இழையோட்டம் உண்டு. பெரிய அளவுப் பத்திரிகையில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நேரே கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். டப்ளொயிட் என்ற சிறிய அளவுப் பத்திரிகையில் இது மாறிவிடும். பழைய தாளொன்றைக் கிழித்துப் பார்த்து முதற் கிழிப்பை நேராகப் போகும் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர்ப்பசை தாளைச் சுருக்கும், காய்ந்த பிறகும் அந்த இடம் விறைத்து நிற்கும். குச்சிப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும், கிழிக்கும்போது சத்தமும் எழாது. பொலித்தீன் பைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். புதிய மை விரலில் ஒட்டும், கறுத்த விரல் படத்தில் அசிங்கமாக இருக்கும், ஒரு ஈரத்துணி பையில் இருக்கட்டும்.

அலுவலகத்தில் தலைக்கு மேலே ஃபேன் ஓடும். தொடங்குமுன் "இதை ஒருக்கா நிப்பாட்டலாமோ?" என்று கேளுங்கள். காற்றில் தாள் திரும்பினால் எல்லாம் போய்விடும். நெருப்பு, புறா, முயல், தண்ணீர் ஒன்றும் அலுவலகத்துக்கு வேண்டாம். ரூபாய்த் தாள் வித்தை செய்வதானால் அதைத் திறந்த முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்புச் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கும் வித்தையைச் செய்யலாமா?

செய்யலாம். பத்திரிகையோடு சேர்ந்து செய்வதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரு வாரத்துக்கு முன் முத்திரையிட்ட உறையைக் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சியன்று மேடையில் அதைத் திறந்து அன்றைய இதழோடு ஒப்பிடுவது. கொடுக்கும் நாளில் ஒரு செய்தி, திறந்த மறுநாள் இன்னொரு செய்தி.

பிழைக்கும் இடங்கள் வித்தைக்கு வெளியேதான் இருக்கின்றன. எந்தப் பத்திரிகை, எந்தத் தலைப்பு என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும்: இன்ன திகதி, இன்ன பத்திரிகை, முதற் பக்கத்தின் பிரதான தலைப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் சபையில் ஒருவர் வேறு பத்திரிகையை உயர்த்திக் காட்டுவார். உறையின் மூடியில் குறுக்கே கையெழுத்து வாங்கும்போது குமிழ்முனைப் பேனை கொடுங்கள். ஜெல் பேனையின் மை வியர்வைக் கையில் இழுபட்டு, யாரோ திறந்து ஒட்டியதுபோலக் காட்டும். உறையை வைத்திருப்பவர் ஊரில் எல்லோருக்கும் நம்பிக்கையானவராக இருக்கவேண்டும். அதிபர், வங்கி முகாமையாளர், கிராம அலுவலர் யாராவது நல்லது. உங்கள் மச்சானிடம் கொடுத்த உறைக்கு ஒரு மதிப்பும் இல்லை. அன்றைக்கு மின்சாரமோ வாகனமோ தடைப்பட்டுப் பத்திரிகை பிந்தினாலும் ஒரு பிரதி மண்டபத்துக்கு வந்துசேர ஆள் ஒழுங்குசெய்திருங்கள்.

முதற் பக்கத்தில் ஒரு விபத்து மரணம் பிரதான தலைப்பாக வந்தால் என்ன செய்வது? உறையைத் திறக்கவே வேண்டாம். இந்தச் செய்தியை வித்தைப் பொருளாக்க விருப்பமில்லை என்று சபைக்குச் சொல்லிவிட்டு வேறொன்றுக்குப் போங்கள். அதைத் தவறென்று எவரும் சொல்லமாட்டார்கள். லொத்தர் இலக்கம், தேர்தல் முடிவு, யாருடைய ஆயுள் என்பவற்றைக் கணித்துச் சொல்லும் வேலைக்கும் போகவேண்டாம்.

இந்த வகை விளம்பரம் புதியதா?

நூறு வருடத்துக்கும் மேலான வழி. 1904 மார்ச் 17 இல் இலண்டன் ஹிப்போட்றோம் அரங்கில், கட்டுகளிலிருந்து தப்பும் வித்தைக்குப் பெயர்பெற்ற ஹூடினி, டெயிலி மிரர் பத்திரிகை கொண்டுவந்த கைவிலங்கிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போராடி வெளியே வந்தார். சவால் விட்டதே பத்திரிகை என்பதால் அதை எழுதாமலிருக்க அவர்களால் முடியாது. பின்னாளில் அமெரிக்க நகரங்களில் பத்திரிகைக் கட்டிடங்களிலேயே தலைகீழாகத் தொங்கி, கைகளைப் பிணைத்துவைக்கும் கட்டுச்சட்டையிலிருந்து விடுபட்டதும் அதே கணக்குத்தான். பத்திரிகையைப் பார்வையாளராக வைக்காமல் பங்காளியாக்குவதே அந்த உத்தி.

என்னென்ன கேட்பார்கள்?

எப்படி இதற்குள் வந்தீர்கள், யார் குரு, வீட்டில் என்ன சொன்னார்கள், வருமானம் போதுமா, எந்த நிகழ்ச்சி மறக்கமுடியாதது. இவை எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று வசனத்தில் முடியும் பதில் ஆயத்தமாக இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், எழுதி மனப்பாடம் செய்தால் ஒப்புவிப்பதுபோல இருக்கும். மறக்கமுடியாத நிகழ்ச்சிக்கு இடமும் ஆளும் உள்ள ஒரு சம்பவம் வேண்டும். "எல்லாமே மறக்கமுடியாதவைதான்" என்பதைச் செய்தியாளர் குறிப்பேட்டில் எழுதவேமாட்டார்.

ரகசியத்தைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். "அண்ணை, இதை எப்பிடிச் செய்யிறீங்கள்?" என்று கேட்டால் முகத்தை இறுக்காதீர்கள். "அதை இப்ப சொன்னா, சனிக்கிழமை மண்டபத்துக்கு வாற பிள்ளையளுக்கு என்ன மிஞ்சும் தம்பி?" என்று சிரித்தபடி சொன்னால் அதுவே அச்சில் வரக்கூடிய வசனம், நிகழ்ச்சி நாளும் அதற்குள் வந்துவிடும். மூத்த செய்தியாளர் என்றால் 'ஐயா', பெண் என்றால் 'அக்கா' அல்லது 'தங்கச்சி', வயதைப் பார்த்து. பொய் விளக்கம் கொடுக்கவேண்டாம். "இதைப் போடாதேங்கோ" என்று சொல்லி ரகசியத்தை உடைக்கவும் வேண்டாம்.

மந்திரம், செய்வினை பற்றிக் கேட்டால்?

இது கைத்திறமையும் பயிற்சியும் என்று முதல் வசனத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். தெய்வ அருள், வசியம் என்று பூடகமாகக் கதைத்தால் தலைப்பு 'மந்திரவாதி' என்று வரும். அடுத்த நாள் காலையிலேயே காணாமற்போன நகையைக் கண்டுபிடிக்கச் சொல்லியும், சூனியம் எடுக்கச் சொல்லியும் அழைப்பு வரும். அப்படி அழைப்பவர்கள் துயரத்தில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கும் வேலை எங்கள் கலைக்கு வேண்டாம். தகவல் தாளிலும் 'மெஜிக் கலைஞர்' என்றே எழுதிக்கொடுங்கள்.

பெரிய பட்டங்களைப் போடலாமா?

சான்றிதழ் கையில் இருந்தால் போடுங்கள், பிரதியும் காட்டுங்கள். 'உலக சாதனை', 'ஆசியாவில் முதல்' என்பவற்றைச் சான்றில்லாமல் சொன்னால் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஆட்களே இணையத்தில் தேடிப் பார்த்து மறுப்பு எழுதுவார்கள். 1890 இல் சிக்காகோ ரிபியூன் பத்திரிகை இந்தியக் கயிற்று வித்தையை (அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் ஒரு சிறுவன் ஏறுவது) கண்ணால் கண்டதாக ஒரு கட்டுரை போட்டது. சில மாதத்தில் அது கட்டுக்கதை என்று அதே பத்திரிகை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. கதை உலகமெல்லாம் பரவியது, மறுப்பு அந்த அளவுக்குப் போகவில்லை. உங்களைப் பற்றிய ஒரு பொய்யும் அப்படித்தான், திரும்ப எடுக்க முடியாமல் ஊரில் நிற்கும்.

ஆளை வெட்டுவது, மண்ணுக்குள் புதைவது போன்றவற்றை விளம்பரத்துக்காகச் செய்யலாமா?

வெளியிடத்தில் வேண்டாம். 1956 ஏப்ரலில் இந்திய மெஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு இளம்பெண்ணை அறுக்கும் வித்தை செய்தார். அந்தப் பெண் எழும்புவதைக் காட்டுமுன் நிகழ்ச்சி முடிந்துவிட்டது, பெண் இறந்துவிட்டாள் என்று பயந்தவர்களின் அழைப்புகளால் தொலைபேசி இணைப்புகள் திணறின. இலண்டனில் அது அவருக்குப் பெரிய பெயரைக் கொடுத்தது. போரைப் பார்த்த எங்கள் ஊரில் இரத்தத்தையும் வெட்டுக்காயத்தையும் நினைவூட்டிக் கூட்டம் சேர்ப்பதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம்.

காசு கொடுக்க வேண்டுமா?

செய்திக்கு இல்லை. செய்தியாளருக்கு உறை நீட்டுவது அவரை அவமதிப்பது. தேத்தண்ணி கொடுங்கள், நிகழ்ச்சிக்கு இரண்டு அழைப்பிதழ் கொடுங்கள், போதும். விளம்பரம் வேறு கணக்கு: எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று பெருக்கி விளம்பரப் பிரிவு கட்டணம் சொல்லும். நிறப் பக்கத்துக்குக் கூடும். சின்ன விளம்பரமென்றாலும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளும் அன்றும் வருவது, பெரிதாக ஒரு நாள் வருவதைவிடப் பயன் தரும்.

அச்சுக்கு முன் வாசித்துப் பார்க்கக் கேட்கலாமா?

முழுக் கட்டுரையையும் காட்டச் சொல்லிக் கேட்பது முறையில்லை. பெயர், திகதி, இடம், தொலைபேசி இலக்கம் நான்கையும் ஒருதரம் வாசித்துக் காட்டும்படி கேட்கலாம், சந்தோசமாகச் செய்வார்கள். பிழை அச்சாகிவிட்டால் அன்று காலையிலேயே செய்தியாளருக்கு அழைத்து, எந்தப் பக்கம், எந்த வரி, சரியானது என்ன என்று அமைதியாகச் சொல்லுங்கள். திகதிப் பிழைக்குத் திருத்தம் போடுவார்கள். வயது ஒன்று கூடிவிட்டது என்பதற்கெல்லாம் அழைக்காதீர்கள்.

வெளிவந்த பிறகு என்ன செய்வது?

அன்றே ஐந்து பிரதி வாங்குங்கள், மறுநாள் கடையில் கிடையாது. வெட்டுமுன் முழுப் பக்கத்தையும், பத்திரிகைப் பெயரும் திகதியும் தெரியும்படி, ஒரு படம் எடுத்துவையுங்கள். ஸ்கான் செய்யும்போது தாளின் பின்னால் கறுப்பு மட்டை ஒன்றை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. பத்திரிகைத் தாள் வெயிலில் சில நாளிலேயே மஞ்சளாகும். ஆகவே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு விறாந்தையில் தொங்கவிடுவதற்கு ஸ்கான் பிரதியை அச்செடுத்துப் பாவியுங்கள். அசலின் ஓரத்தில் பத்திரிகைப் பெயர், திகதி, பக்க இலக்கத்தைப் பென்சிலால் எழுதி, ஒட்டாமல் கோவைக்குள் வையுங்கள். அடுத்த தடவை ஒரு பாடசாலைக்கு விண்ணப்பக் கடிதம் கொடுக்கும்போது அதன் பிரதியொன்றை இணைத்துவிடுங்கள்.